ஒரே நோட்டு, மூன்று உடம்பு: மொட்டை மாடியில் 28 வாரம்

28-ஆம் வாரம் வெள்ளிக்கிழமை, 82 கிலோவை முதுகில் வைத்து ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தேன். ஐந்தாவது முறை பாதியில் ஒரு நொடி நின்றுவிட்டது. மச்சினன் பின்னால் கை நீட்டினான், தொடவில்லை. பதினாறு வாரம் முன்பு இதே மாடியில் 55-இல் மாட்டிக்கொண்டு, "நம்ம உடம்புவாகு இவ்வளவுதான்" என்று எடைப் பயிற்சி ஸ்டாண்டைக் கழற்றி விற்றுவிட யோசித்தவன் நான். இடையில் என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஆள் மூன்று பேர். எனக்கு வயது 38, உயரம் 174 செ.மீ., எடை 71 கிலோ. திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர் வேலை. மச்சினனுக்கு 24, 165 செ.மீ., 66 கிலோ. என் மனைவிக்கு 33, 58 கிலோ. யாரும் அதற்கு முன் ஜிம்முக்குப் போனதில்லை. அட்டவணை மூவருக்கும் ஒன்றுதான். வாரம் மூன்று நாள். ஒவ்வொரு நாளும் ஸ்குவாட், அதாவது ராடை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவது, மூன்று செட், செட்டுக்கு ஐந்து முறை. அதோடு ஒருநாள் பெஞ்ச் (படுத்தபடி ராடை மேலே தள்ளுவது), மறுநாள் தலைக்கு மேல் தூக்குவது, கடைசியில் ஒரு செட் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிற்பது). சரியாக முடித்தால் அடுத்த முறை இரண்டரை கிலோ ஏற்ற வேண்டும். இந்தப் பதிவில் ஸ்குவாட்டை மட்டும் பின்தொடர்கிறேன், மற்றதெல்லாம் ஏறக்குறைய அதே கதைதான்.

ஸ்டாண்டுக்கு இரண்டு அங்குல ஸ்கொயர் பைப், இரண்டரை மி.மீ. கனம், 20 அடி நீளத்தில் இரண்டு எடுத்தோம். 44 கிலோ வந்தது, 3,300 ரூபாய். வெல்டிங் கூலி 1,800. ராடைத் தாங்கும் கொக்கியை எட்டு மி.மீ. பட்டையில் வளைத்து, உள்ளே சைக்கிள் டியூப் ஒட்டினோம். ஒட்டாமல் விட்ட முதல் வாரம் ராடை வைக்கும் ஒவ்வொரு முறையும் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆறடி ராட், 28 மி.மீ. கனம், 1,400. ராடின் இரு பக்கமும் மாட்டும் பிளேட்டுகள் பழைய இரும்புக் கடையில், 20 கிலோ இரண்டு, 10 நான்கு, 5 நான்கு, இரண்டரை நான்கு. கடைக்காரர் பிளேட்டில் பொறித்திருந்த எண்ணைக் கூட்டி 110 கிலோ என்றார். கிலோ 60 வீதம் 6,600 கொடுத்தேன். அங்கேயே தராசில் போடச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்றேகால் கிலோ பிளேட் கிடைக்கவில்லை. அது இல்லாமல் இரண்டரை கிலோ ஏற்ற வழியில்லை, பக்கத்துக்கு ஒன்றேகால் வேண்டும். பட்டறையில் மீந்து கிடந்த பத்து மி.மீ. தகட்டில் 14.5 செ.மீ. விட்டத்துக்கு இரண்டு வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தார் வெல்டர். ஓரத்தை அவரே கிரைண்டரில் தேய்த்துவிட்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஒன்னேகால் இருக்குங்க" என்றார். பிற்பாடு தராசில் 1.25-தான் காட்டியது. வாங்கிய இரும்பிலேயே ஜோடியாகச் சொன்ன எடை இருந்தது அவை இரண்டு மட்டும்தான். இரண்டும் சேர்த்து 200 ரூபாய். ரப்பர் விரிப்பு 900, பெயிண்ட் 250.

முதல் ஆறு வாரம் மூவரும் சேர்ந்தே ஏறினோம். நாங்கள் இருவரும் 30-இல் தொடங்கினோம், மனைவி வெறும் ராடில். ஏழாவது வாரத்திலிருந்து நான் நின்றுவிட்டேன். 55 போட்டால் நான்காவது முறை எழ முடியாது. எடையைக் குறைத்துத் திரும்ப ஏறுவேன், மறுபடி 55-இல் நிற்கும். மச்சினன் ஒவ்வொரு நாளும் "மாமா, இன்னும் ரெண்டரை போடலாங்களா?" என்று கேட்டுக்கொண்டே 85-க்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில் நான் செய்த தவறுகள் மூன்று. ஒன்று, வீடியோ பார்த்து வாரத்துக்கு ஒரு பயிற்சியை மாற்றினேன். எதையும் தொடர்ந்து செய்யாததால் எதிலும் தேறவில்லை. இரண்டு, 2,900 ரூபாய்க்கு ஒரு டப்பா புரதப் பொடி வாங்கினேன், தினம் நான் சாப்பிடுவது எவ்வளவு என்று ஒருநாள்கூடக் கணக்குப் பார்க்காமல். மூன்று, மச்சினன் எதிரில் இருக்கிறான் என்ற வேகத்தில் 60-ஐத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் படுத்தேன். பத்தாவது வாரம் அதிலேயே போயிற்று.

படுத்திருந்தபோதுதான் 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். 585 பேர், ஆணும் பெண்ணுமாக. எல்லோருக்கும் அதிகம் பயன்படுத்தாத கைக்கு மட்டும் 12 வாரம் ஒரே பயிற்சி. முடிவில் கைத்தசையின் பருமன் சிலருக்கு 2 சதவீதம் குறைந்திருந்தது, சிலருக்கு 59 சதவீதம் கூடியிருந்தது. ஒரே தடவையில் தூக்கும் எடை சிலருக்குக் கொஞ்சமும் ஏறவில்லை, ஒருவருக்கு 250 சதவீதம் ஏறியிருந்தது. உண்மையைச் சொன்னால், படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. நம் மேல் குற்றமில்லை, பிறப்பிலேயே இப்படி என்று விட்டுவிடலாம். அன்றைக்குத்தான் ஸ்டாண்டை விற்கும் யோசனை வந்தது.

தடுத்தது என் தொழில். மெஷினில் துணி கோடு விழுந்தால் நூலைக் குறை சொல்வதற்கு முன் ஊசியைப் பார், கண்ணியைப் பிடிக்கும் சிங்கரைப் பார், நூலின் டென்ஷனைப் பார் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஆய்வில் அளந்தவர்கள் ஒழுங்காக அளந்திருப்பார்கள். நாங்கள் எதை ஒழுங்காக அளந்தோம்?

முதலில் இரும்பை நிறுத்தேன். 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, 450 ரூபாய். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் கம்பியில் மாட்டி, ஒவ்வொரு பிளேட்டாகத் தொங்கவிட்டு, சாக்பீஸால் அதன் முதுகிலேயே எழுதினேன். 20 என்று போட்டது 18.9, இன்னொன்று 19.6. பத்துகள் 9.2, 9.4, 9.5, 10.3. ஐந்துகள் 4.6 முதல் 5.0 வரை. இரண்டரைகள் நான்கும் 2.4. பத்து என்று நாங்கள் வைத்துக்கொண்ட ராட் 9.1. மொத்தப் பிளேட்டும் 105.6 கிலோ, அதாவது 264 ரூபாய் காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். மச்சினனின் 85 உண்மையில் 81.6. அதிலும் வலது பக்கம் இடதைவிட 2.1 கிலோ கூடுதல். அவன் ஒருபக்கம் சாய்ந்து எழுந்ததற்குக் காரணம் இதுதான். என் 55 உண்மையில் 52.4. ஆக அரைநாள் வேலையில் எங்கள் இருவருக்கும் இடையிலான 30 கிலோ இடைவெளி 29.2 ஆனது. இடைவெளியைப் புரிந்துகொள்ள அது பெரிதாகப் பயன்படவில்லை. ஜோடி பார்த்து மாட்டத் தொடங்கியதில் அவன் சாய்வு மட்டும் நின்றது.

அப்புறம் ஆழம். இதில்தான் பாதி கதை இருந்தது. போனில் பக்கவாட்டில் வீடியோ எடுத்து இருவருடையதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். நான் தொடை தரைக்குச் சமமாகும்வரை இறங்குகிறேன். அவன் எடை கூடக்கூட ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டிருக்கிறான், அவனுக்கே தெரியாமல். திருப்பூரில் எலாஸ்டிக்குக்குப் பஞ்சமில்லை. ஜட்டி இடுப்புக்குப் போடும் ஓர் அங்குல எலாஸ்டிக்கை ஸ்டாண்டின் பின்கால் இரண்டுக்கும் குறுக்கே கட்டினோம், அவனுக்குத் தரையிலிருந்து 42 செ.மீ., எனக்கு 44. பின்பக்கம் எலாஸ்டிக்கைத் தொட்டால்தான் அது ஒரு முறை என்று கணக்கு. செலவு ஒன்றுமில்லை. முதல் நாளே அவனுடைய 81.6 உட்கார்ந்துவிட்டது. ஐந்து முறை சுத்தமாக முடிந்தது 68-தான். எனக்கு மாறவில்லை, அதே 52. இடைவெளி 29-லிருந்து 16 ஆயிற்று. அவன் முகம் வாடிப்போனது. அதற்காக அன்றைக்கு நான் அவனோடு கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தேன். 68 என்பது 12 வாரத்தில் வந்த நல்ல கணக்கு, அதில் குறை ஒன்றும் கிடையாது.

அதே வீடியோவில் இன்னொன்றும் தெரிந்தது. சுவரில் டேப்பை ஒட்டி ராட் எவ்வளவு தூரம் இறங்கி ஏறுகிறது என்று பார்த்தேன். அவனுக்கு 52 செ.மீ., எனக்கு 61. என் தொடை நீளம். கீழே போகப்போக முதுகு முன்னால் சாய்கிறது. ஒவ்வொரு முறையும் 9 செ.மீ. கூடுதலாகச் சுமக்கிறேன். இதை மாற்ற வழியில்லை. குதிகாலுக்கு அடியில் இரண்டு செ.மீ. மரக்கட்டை வைத்ததில் சாய்வு கொஞ்சம் குறைந்தது.

தொடைச் சுற்றளவுக்குத் தையல் டேப், 30 ரூபாய். முதல் 12 வாரம் எழுதிய அளவுகளை மொத்தமாக அடித்துவிட்டேன். ஒரே காலையில் மூன்று முறை அளந்தால் மூன்று எண் வந்தது, வித்தியாசம் 1.2 செ.மீ. வளர்ந்ததாக நாங்கள் எழுதியதே அவ்வளவு இருக்காது. அப்புறம் முட்டிச்சில்லுக்கு மேல் 15 செ.மீ.-இல் பேனாவால் கோடு, திங்கள் காலை எழுந்ததும், நின்றபடி, எப்போதும் மனைவிதான் அளப்பது என்று வைத்தோம். வித்தியாசம் 0.3-க்குள் வந்தது. 13-ஆம் வாரத்தின் முதல் சரியான அளவு: மச்சினன் 54.6, நான் 51.7, மனைவி 53.0.

சரி, மீதி 16 கிலோ?

ஒரே நாள், ஒரே நேரம், ஒரே மாடி என்பதால் இருவரும் ஒரே நிலையில் செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, 12 மணிநேரம். இரவு வாரத்தில் எட்டு மணிக்கு மெஷினை விட்டு வந்து, ஒரு டீ குடித்துவிட்டு எட்டரைக்கு ராடுக்கு அடியில் நிற்கிறேன். அவன் தூங்கி எழுந்து, நாலு இட்லி சாப்பிட்டு, அரைமணி கழித்து அதே ராடுக்கு வருகிறான். இரண்டு வாரம் தூக்கத்தை எழுதிப் பார்த்தேன். பகல் வாரம் சராசரி ஆறரை மணி. இரவு வாரம் நாலு மணி 50 நிமிடம், அதுவும் இரண்டு துண்டாக.

சாப்பாட்டையும் ஒரு வாரம் எழுதினோம். முட்டைக்கு ஆறு கிராம், 100 மில்லி பாலுக்கு 3.2, காய்ந்த சோயா உருண்டை 100 கிராமுக்கு 52, கொள்ளு 100-க்கு 22 என்று புரதக் கணக்கு. மச்சினனுக்கு நாளைக்கு 105 கிராம், கிலோ எடைக்கு 1.6. எனக்கு 58, கிலோவுக்கு 0.8. பொடி டப்பா இருந்த மாதத்தில் மட்டும் கூடியிருக்கும், அதுவும் இரவு வாரத்தில் குடிக்க மறந்துபோவேன். 2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கொன்றில், எடைப் பயிற்சியோடு சேர்ந்து பலன் தரும் அளவு கிலோவுக்குச் சுமார் 1.6 வரை, அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை என்று இருந்தது. நான் அதில் பாதியில் நின்றிருந்தேன்.

இன்னொரு விஷயம் பேச்சுவாக்கில் வந்தது. மச்சினன் 17 வயதிலிருந்து மூன்று வருடம் நூல் குடோனில் மூட்டை ஏற்றி இறக்கியவன். "பழகினதே இல்லை" என்று அவன் சொன்னதை நான் அப்படியே நோட்டில் எழுதியிருந்தேன். ஒருமுறை வேலை பார்த்து வளர்ந்த தசை, விட்டுத் தொடங்கும்போது சீக்கிரம் திரும்பும். அவன் 30-இல் தொடங்கியது அவனுக்கு உண்மையான தொடக்கம் கிடையாது.

13-ஆம் வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். முதல் நான்கு வாரம் சாப்பாடு மட்டும். நாலு முட்டை, அரை லிட்டர் பால், 50 கிராம் சோயா, 50 கிராம் கொள்ளு. வழக்கமான இட்லி, சோறு, பருப்பு, தயிரோடு சேர்த்து 115 கிராம் சுமாராக வந்தது. நாளைக்குக் கூடுதல் செலவு 60 ரூபாய்க்குள். கொள்ளைச் சுண்டலாகத் தின்று அலுத்து, ரசமாக வைத்து, கடைசியில் மனைவி முளைகட்டித் தாளித்துக் கொடுத்ததுதான் நிலைத்தது. எடை 0.8 கிலோ ஏறியது. ஸ்குவாட் 52-லிருந்து 54.5. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

17-ஆம் வாரம் தூக்கம். கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு இரவு பேட்டா தேவைப்பட்டது, எனக்குப் பகல் தேவைப்பட்டது. சூப்பர்வைசரிடம் கேட்டு மூன்று மாதத்துக்கு மாற்றிக்கொண்டோம். இரவு பேட்டா போனது இந்த முழு முயற்சியிலும் பெரிய செலவு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் நான்கு வாரத்தில் 54.5 என்பது 66 ஆனது. 55 என்ற எண் மேல் எனக்கிருந்த பயம் ஒரு செவ்வாய்க்கிழமை, கவனிக்காமலே போய்விட்டது. ராடை வைத்த பிறகுதான் மனைவி "ஏனுங்க, அது 58-ங்க" என்றாள்.

21-ஆம் வாரத்திலிருந்து செட். மூன்று செட்டை ஐந்தாக்கி, நடுநாளில் மட்டும் எடையைக் கால்வாசி குறைத்து எட்டு எட்டாகச் செய்தேன். இதற்கு யோசனை கொடுத்தது சைக்கிள் மிதிப்பதைப் பற்றிய ஓர் ஆய்வு, 2017-இல் வந்தது. 78 பேரை வாரத்துக்கு ஒரு மணிநேரத்திலிருந்து ஐந்து மணிநேரம்வரை மிதிக்கவைத்தார்கள். ஆறு வாரத்தில் குறைவாக மிதித்தவர்களில் பலருக்கு முன்னேற்றமே இல்லை. அவர்களையே இன்னொரு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மணிநேரம் கூட்டி மிதிக்கவைத்தபோது எல்லோருக்கும் முன்னேற்றம் வந்தது. சைக்கிளும் ஸ்குவாட்டும் ஒன்றில்லை என்று தெரியும். இருந்தாலும், அட்டவணை என் உடம்புக்குப் போதவில்லையோ என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு வந்தது. 28-ஆம் வாரம் 82. தொடை 51.7-லிருந்து 53.6.

இந்தப் பதினாறு வாரத்தில் மச்சினன் பழைய அட்டவணையிலேயே 68-லிருந்து 92-க்கு வந்தான், தொடை 55.9. அவனுக்கு 24 கிலோ, எனக்கு 30. தொடைச் சுற்றளவில் அவனுக்கு 1.3 செ.மீ., எனக்கு 1.9. இதில் யாருடையதை வளராத உடம்பு என்று சொல்வது?

மனைவியின் கணக்கு இன்னும் வேறு. 9.1 கிலோ வெறும் ராடில் தொடங்கி 12-ஆம் வாரம் 34, 28-ஆம் வாரம் 52. விகிதத்தில் எங்கள் இருவரையும் எங்கேயோ விட்டுவிட்டாள். ஆனால் தொடை 53.0-லிருந்து 53.4, அளக்கும் பிசகுக்குச் சற்றே மேல். அந்த 585 பேர் ஆய்விலும் பலத்தில் பெண்கள் சராசரியாக 64 சதவீதம் ஏற, ஆண்கள் 40-தான் ஏறினார்கள். பருமனில் ஆண்கள் ஓரிழை முன்னே. முதல் 12 வாரம் நோட்டில் அவள் பக்கத்தை நான் திருப்பியே பார்க்கவில்லை. என் வருத்தத்தில் மச்சினன் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தவறுதான் மற்ற எல்லாவற்றையும்விட உறுத்துகிறது.

எல்லாவற்றையும் சமன் செய்த பிறகும் மிச்சம் இருக்கிறது. மச்சினன் ஒருநாள் பயிற்சி தவறினாலும் மறுநாள் வந்து விட்ட இடத்தில் தொடங்குகிறான். எனக்கு இரண்டு நாள் பின்னால் போகிறது. 14 வயது வித்தியாசமா, மூட்டை தூக்கிய மூன்று வருடமா, பெற்றோர் கொடுத்ததா என்று எங்கள் நோட்டை வைத்துப் பிரிக்க முடியாது. 16 வாரம் கால் பயிற்சி கொடுத்த இன்னோர் ஆய்வில், 66 பேரில் 17 பேருக்குத் தசையிழை பெரிதாக வளர்ந்தது, 17 பேருக்கு வளரவே இல்லை. நன்றாக வளர்ந்தவர்களுக்குத் தசையிழையை ஒட்டியிருந்து அது வளர உதவும் துணைச் செல்கள் தொடக்கத்திலேயே அதிகம் இருந்தன. அதையெல்லாம் டேப்பும் தராசும் காட்டாது.

அடுத்த முறை தொடங்கினால், எலாஸ்டிக்கை முதல் நாளே கட்டுவேன். இரும்பை வாங்கும் கடையிலேயே நிறுப்பேன். முதல் இரண்டு வாரம் எடையே ஏற்றாமல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் மட்டும் எழுதுவேன். ஒரே எடையை நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை சோதிப்பேன். நான் அப்படிச் செய்து பார்த்தபோது ஒருநாள் 60 வந்தது, மறுமுறை 55-தான் வந்தது. முதல் நாள் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் ஐந்து கிலோ சும்மா வளர்ந்திருப்பேன். சாப்பாடு, தூக்கம், செட் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியதிலும் ஓட்டை இருக்கிறது. நான்கு வாரம் சாப்பிட்டது தூக்கம் வந்த பிறகு வேலை செய்ததா, தூக்கமே எல்லாம் செய்ததா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

மொத்தச் செலவு, பொடி டப்பாவையும் சாப்பாட்டையும் பேட்டாவையும் விட்டு, 14,930 ரூபாய்.

29-ஆம் வாரம் எனக்கு மறுபடி இரவு ஷிப்ட் வந்தது. முதல் வாரமே 77-க்கு இறங்கினேன். இப்போது இரவு வாரங்களில் காலை ராடைத் தொடுவதில்லை. மூன்றரைக்கு எழுந்து சாப்பிட்டு, ஐந்து மணிக்கு மாடிக்குப் போகிறேன். மச்சினனுக்கு அந்த நேரம் ஒத்துவராது, காலையில் தனியாகச் செய்துவிட்டுப் போகிறான். நோட்டில் இப்போது மூன்று அட்டவணை.

இனி மனைவியின் முறை. பலம் ஏறி, பருமன் ஏறாதவளுக்கு ஐந்து செட்டும் எட்டு எட்டும் கொடுத்து 12 வாரம் பார்க்கப் போகிறோம். அவளே தன் தொடையை அளந்தால் சரியாக வராது என்பதால் டேப் என் கைக்கு வந்திருக்கிறது. நான் அளந்து பழக வேண்டும். இந்தத் திங்கள் காலை ஆறு பத்துக்கு மூன்று முறை அளந்தேன்: 53.4, 53.9, 53.3. இரண்டாவது முறை டேப் பின்பக்கம் கோட்டை விட்டு இறங்கியிருந்தது. அதை அடித்துவிட்டு மறுபடி அளந்து, 53.4 என்று எழுதினேன்.